நெகட்டிவ் என்று எழுதப்பட்ட ரத்தம்



இந்த இதழ் ஒன்றரை மாதம் தாமதமாக வருகிறது. காகிதக் கடன், அச்சகக் கடன், சந்தா அனுப்பாத நண்பர்கள் என்று வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் எல்லாம் இருக்கின்றன. இந்தத் தடவை கூடுதலாக ஒரு காரணம் உண்டு. காய்ச்சல். எனக்கில்லை, என் சித்தப்பா மகனுக்கு.

தம்பி துறையூர்ப் பக்கம். பத்தாவது முடித்ததும் திருச்செங்கோட்டு போர் வண்டியில் ஏறியவன். நம்ம ஊர் ரிக் வண்டிகள் ஒடிசா, சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று போய்க் குழாய்க் கிணறு போடுகிற சங்கதி உங்களுக்குத் தெரியும். வண்டி முதலாளி இங்கே இருப்பார். பைப்பு தூக்குகிற தோள் பெரும்பாலும் நம்ம சேரியிலிருந்தும் வறண்ட காட்டு ஊர்களிலிருந்தும் போன தோள். வண்டிக்கு அடியிலேயே சமையல், வண்டிக்கு அடியிலேயே தூக்கம். அப்படி மூன்று வருசம் இருந்துவிட்டுப் பொங்கலுக்கு வந்தவன், மாட்டுப் பொங்கல் அன்று சாயங்காலம் வெயில் இருக்கும்போதே மூன்று போர்வை கேட்டான். பல்லு தந்தியடிக்கிற மாதிரி குளிர். அப்புறம் காய்ச்சல். அப்புறம் சட்டை நனைகிற வியர்வை. மறுநாள் எழுந்து உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டான். ஒன்றுமே நடக்காத மாதிரி.

கே.கே. நகருக்கு என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். ‘மலேரியா ஸ்மியர்: நெகட்டிவ்’ என்று ஒரு சீட்டு வந்தது. குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். இருபது நாள் கழித்து மறுபடியும் அதே குளிர். இன்னோர் இடம். டைபாய்டு என்றார்கள். பன்னிரண்டு நாள் மாத்திரை. மாசி பிறந்ததும் மூன்றாவது தடவை. இந்த முறை பார்த்த டாக்டரம்மா நாக்கை நீட்டச் சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார்: “எங்கப்பா வேலை பார்த்தே?”

இந்தக் கேள்வியை அதுவரைக்கும் யாரும் கேட்கவில்லை. பேர் கேட்டார்கள், வயசு கேட்டார்கள், பணம் கட்டியாச்சா என்று கேட்டார்கள். எங்கே வேலை பார்த்தாய் என்று கேட்கவில்லை. அவன் ஒடிசா என்றதும் அந்தம்மா காய்ச்சல் ஏறுகிற நேரத்திலேயே விரலில் குத்தி ரத்தம் எடுக்கச் சொன்னார். பிளாஸ்மோடியம் வைவாக்ஸ். முந்தின வருசம் அங்கேயே காய்ச்சல் வந்ததும், கடையில் வாங்கிய மாத்திரையை மூன்று நாள் போட்டுவிட்டு பைப்பு தூக்கப் போனதும் அப்புறம்தான் வெளியே வந்தது. வைவாக்ஸ் கிருமி ஈரலில் போய்ப் படுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் தூங்கும். மறுபடி எழுந்து ரத்தத்துக்கு வரும். அதை அங்கேயே கொல்ல 14 நாள் பிரைமாகுவின் போடணும். அதுக்கு முன்னால் ஜி6பிடி என்கிற நொதி உடம்பில் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது பாதுகாப்பு. இல்லாவிட்டால் அந்த மருந்தே ரத்த அணுக்களை உடைத்துவிடும். இதெல்லாம் அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

நான் ஆத்திரத்தில் கேட்டேன்: “அப்ப முதல் சீட்டுல நெகட்டிவ்னு எழுதினது பொய்யா டாக்டர்?”

“பொய் இல்ல சார். அவங்க பார்த்த கண்ணாடியில தெரியல. அவ்வளவுதான். பி.சி.ஆர். பண்ணியிருந்தா தெரிஞ்சிருக்கலாம்.”

தம்பி வெளியே வந்து சொன்னதுதான் என்னை எழுத உட்கார வைத்தது. “அண்ணே, நாங்க கொட்டாய் போட்ட ஊருல எல்லாருக்கும் இது இருக்கும்ணே. யாரும் படுக்க மாட்டாங்க. எனக்குத்தான் ஒடம்பு தாங்கல.”

*

அவன் சொன்னது சும்மா வாய்ப்பேச்சு இல்லை. ஒடிசாவின் ரூர்கேலா, குஜராத்தின் நாடியாத், நம்ம சென்னை ஆகிய மூன்று இடங்களில் 2012 முதல் 2015 வரை, தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனமும் நியூயார்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தன. முடிவுகள் 2019இல் வெளியாயின. மூன்று இடங்களிலும் சேர்த்து 6,645 பேரின் ரத்தம். ஒவ்வொரு மாதிரியையும் நுண்ணோக்கியிலும் பார்த்தார்கள், பி.சி.ஆர். என்கிற மூலக்கூறுச் சோதனையிலும் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் காய்ச்சலோடு வந்தவர்களை மட்டும் பார்க்காமல், வீடு வீடாகவும் போனார்கள்.

வீடு வீடாகப் போனதில் பி.சி.ஆர். காட்டிய தொற்று: சென்னையில் 24 பேர், நாடியாத்தில் 56 பேர், ரூர்கேலாவில் 101 பேர். இப்போது கவனியுங்கள். சென்னையின் 24 பேரில் 17 பேருடைய கிருமி நுண்ணோக்கிக்குத் தெரியவே இல்லை. ரூர்கேலாவின் 101 பேரில் 31 பேருடையது தெரியவில்லை. அந்த 101 பேரில் 65 பேருக்குக் காய்ச்சல் முதலான அறிகுறி எதுவும் இல்லை. அதாவது உழுதுகொண்டிருந்தார்கள், விறகு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ரத்தத்தில் கிருமியும் இருந்தது.

ரூர்கேலா என்றதும் இரும்பாலைதான் ஞாபகம் வரும். அந்த ஆலை நிற்கிற சுந்தர்கர் மாவட்டம் ஆதிவாசிகளின் மாவட்டம். அங்கே மூளையைத் தாக்கிக் கொல்லக்கூடிய பால்சிபாரம்தான் மிகுதி. அந்த ஆய்வில் ரூர்கேலாவில் கிடைத்த தொற்றில் 77 சதவீதம் அதுதான். சென்னையில் 71 சதவீதம் வைவாக்ஸ். மலேரியா காட்டு நோய், நமக்கு ஏது என்று திருச்சியில் உட்கார்ந்து பேசுகிற நண்பர்களுக்கு இதையும் சொல்லி வைக்கிறேன்: தமிழ்நாட்டு மலேரியாவில் பெரும்பங்கு நெடுங்காலமாகச் சென்னை மாநகரத்துடையது. மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் வளர்கிற அனாபிலஸ் ஸ்டீபன்சி என்னும் கொசுவால் பரவுவது. அடுக்குமாடிக்கு அஸ்திவாரம் தோண்டிய பள்ளத்தில் தேங்கும் தண்ணீரிலும் அது வளரும். அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் தகரக் கொட்டகையில் தூங்குகிறவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும்.

*

நான் வங்கியில் குமாஸ்தா. விஞ்ஞானி இல்லை. எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன்.

கவுண்டரில் நோட்டு வாங்கும்போது முதலில் கை பார்க்கும். விரலுக்கே பாதிக் கள்ள நோட்டு தெரிந்துவிடும். சந்தேகம் வந்தால் வெளிச்சத்தில் பிடிப்போம். அதுக்கும் மேலே என்றால் புற ஊதா விளக்கு. கையில் தப்பியது விளக்கில் மாட்டும். கை பொய் சொல்லவில்லை. கையால் அவ்வளவுதான் முடியும்.

நுண்ணோக்கி நல்ல கை. நூறு வருசத்துக்கு மேல் உழைத்த கை. ஆனால் கள நிலைமையில், ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில், அதாவது ஒரு துளியில் ரொம்பச் சின்ன பங்கில், சுமார் 50 கிருமியாவது இருந்தால்தான் அது நம்பிக்கையாகக் காட்டும். கண்ணாடித் தட்டில் குறைந்தது 100 பார்வைப்புலங்களைத் தேடிய பிறகே நெகட்டிவ் என்று எழுத வேண்டும் என்பது விதி. தட்டுகள் குவிந்து கிடக்கும்போது, தற்காலிகச் சம்பளத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு தொழில்நுட்பர் ஒவ்வொன்றிலும் நூறு இடம் தேடுவாரா என்பது உங்கள் ஊகத்துக்கு.

பி.சி.ஆர். என்பது வேறு வழி. கேரி மல்லிஸ் என்ற அமெரிக்கர் 1983இல் யோசித்தது, 1993இல் நோபல் பரிசு பெற்றது. கிருமியின் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட துண்டை மட்டும் பிடித்து, அதை இரண்டாக்கி, நாலாக்கி, எட்டாக்கிப் பெருக்குவது. கூட்டு வட்டிக்கணக்குத்தான். ஒரு துண்டு 30 சுற்றில் நூறு கோடிக்கு மேல் ஆகிவிடும். ஒரு மைக்ரோலிட்டரில் ஒன்றிரண்டு கிருமி இருந்தால்கூட அகப்பட்டுவிடும். ஜார்ஜ் ஸ்னூனூவும் அவரோடு வேலை செய்தவர்களும் 1993இல் மலேரியாவுக்கென்றே இதை இரண்டு அடுக்காக்கினார்கள். முதல் அடுக்கு: மலேரியாக் கிருமி உண்டா இல்லையா. இரண்டாவது அடுக்கு: எந்த இனம், பால்சிபாரமா, வைவாக்ஸா, மலேரியேயா, ஓவேலா. பெருகிய துண்டுகளைக் கூழ்த் தகட்டில் ஓடவிட்டுச் சாயம் ஏற்றிப் பார்த்தால், ஒவ்வோர் இனமும் தன் தன் இடத்தில் கோடு போட்டு நிற்கும். எந்த வெளிச்சத்தில் பார்ப்பார்கள் தெரியுமா? புற ஊதா விளக்கில். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

இதுக்கு ஊசி போட்டுக் குழாய் நிறைய ரத்தம் எடுக்க வேண்டியதில்லை. விரலில் குத்தி, வடிதாளில் ஒரு சொட்டு ஒற்றி, உலரவைத்து, உறையில் போட்டு அனுப்பினால் போதும். மின்சாரமில்லாத மலை ஊரின் ரத்தம் தபாலில் நகரத்து ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

இனம் தெரிவது எதுக்கு என்று கேட்கலாம். தம்பி கதையே பதில். வைவாக்ஸ் என்றால் 14 நாள் மருந்து. பால்சிபாரம் என்றால் ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்து, அதுவும் உடனே. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்து ஒன்று மட்டும் கண்ணில் பட்டால் பாதி வைத்தியம்தான் நடக்கும்.

இன்னொரு கதை மலேசியாவில். போர்னியோ தீவு சராவாக்கின் காபிட் பகுதி, நீள்வீடுகளில் வாழும் இபான் மக்களின் ஊர்கள். அங்கே நுண்ணோக்கி ‘மலேரியே’ என்று எழுதிக்கொண்டே இருந்தது. மலேரியே சாதுவான இனம். ஆனால் நோயாளிகள் அவ்வளவு சாதுவாகப் படுக்கவில்லை. பல்பீர் சிங்கும் ஜானட் காக்ஸ்-சிங்கும் அவர்கள் குழுவும் 208 நோயாளிகளின் ரத்தத்தை மூலக்கூறுச் சோதனையில் வைத்துப் பார்த்தார்கள். 120 பேருக்கு இருந்தது நோலெசி என்கிற குரங்கு மலேரியா. 24 மணி நேரத்துக்கு ஒரு முறை பெருகுவது, கவனிக்காவிட்டால் கொல்லக்கூடியது. 2004இல் உலகத்துக்குச் சொன்னார்கள். கண்ணாடியில் இரண்டும் ஒரே மாதிரி தெரிந்ததால் வருசக்கணக்கில் தப்பான பேர் எழுதப்பட்டிருக்கிறது. காட்டு ஓரத்து மக்களின் நோய்க்குப் பேர் தப்பாக இருந்தால் யாருக்கு அவசரம்?

பதினைந்து இருபது நிமிஷத்தில் கோடு காட்டுகிற அட்டைச் சோதனை வந்துவிட்டதே என்பீர்கள். வந்தது, நிறைய உயிரைக் காப்பாற்றியது, மறுக்கவில்லை. ஆனால் பால்சிபாரத்தைக் கண்டுபிடிக்க அந்த அட்டை பெரும்பாலும் ஹெச்.ஆர்.பி.2 என்ற ஒரு புரதத்தைத்தான் தேடுகிறது. அந்தப் புரதத்துக்கான மரபணுவையே இழந்துவிட்ட கிருமிகள் பெரு நாட்டில் இருப்பது 2010இல் தெரிந்தது. நம் நாட்டில் எட்டு மாநிலங்களில் தேடிப் பார்த்து ஜபல்பூர் பழங்குடியினர் சுகாதார ஆராய்ச்சி நிறுவனத்தின் நீரு சிங்கும் சக ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்டார்கள்: 1,521 மாதிரிகளில் 36இல் அந்த மரபணு இல்லை. நூற்றுக்கு இரண்டு மூன்று. அட்டையில் கோடு வராது, ஆளுக்கு நோய் இருக்கும். இதையும் மூலக்கூறுச் சோதனை இல்லாமல் கண்டுபிடித்திருக்க முடியாது.

*

எங்க தாத்தா மருந்தடிக்கிற ஆள். 1958இல் தேசிய மலேரியா ஒழிப்புத் திட்டம் வந்த பிறகு, அறுபதுகளில், சீசனுக்குச் சீசன் தினக்கூலிக்கு டி.டி.டி. அடிக்கப் போனவர். கைப்பம்பு, வாளி, மூக்கில் கட்டிய துண்டு. இரவில் ரத்தம் குடித்த கொசு வீட்டுச் சுவரின் உள்பக்கத்தில்தான் போய் உட்காரும். அதனால் உள்சுவரில் அடிக்கணும். அதுதான் திட்டத்தின் உயிர்.

சேரியில் எல்லா வீட்டுக்குள்ளும் அடித்தார். ஊர்த்தெருவில் திண்ணையோடு நிறுத்தினார்கள். “உள்ள வராத. இங்கனயே அடிச்சுட்டுப் போ.” கொசு மருந்து வேணும், கொசு மருந்தைத் தூக்கி வந்த கை உள்ளே வரக்கூடாது. மேஸ்திரி வாசல் சுவரில் தேதி போட்டு ‘அடித்தாயிற்று’ என்று குறித்துவிட்டுப் போவாராம். தாத்தா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். “கொசுவுக்கு மட்டும் தெரியும்டா, எந்த வீட்டுல அடிக்கலன்னு.”

சுதந்திரம் வந்தபோது இந்த நாட்டில் வருசத்துக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா, எட்டு லட்சம் சாவு என்று கணக்கிட்டார்கள். 1965இல் அது சுமார் ஒரு லட்சம் பேராகக் குறைந்தது. ஜெயித்துவிட்டோம் என்று கண்காணிப்பைத் தளர்த்தினார்கள். கொசு டி.டி.டி.யைத் தாங்கப் பழகியது. மருந்து வரத்து குறைந்தது. 1976இல் 64 லட்சம் பேர். திண்ணையோடு நின்றதால்தான் மலேரியா திரும்பி வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அது அபத்தம். ஆனால் சுவரில் எழுதிய கணக்கும் சுவருக்குள் இருந்த நிலைமையும் ஒன்றில்லை என்பதை ஒரு தினக்கூலி அறிந்திருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

இப்போதும் கணக்கு இறங்கித்தான் இருக்கிறது. அரசுக் கணக்கில் 2015இல் 11.69 லட்சம் பேர், 2023இல் 2.27 லட்சம் பேர். சாவு 384இலிருந்து 83. பெரிய சாதனை. ஒடிசாவில் 2017இல் தொடங்கிய ‘தமன்’ திட்டத்தில், எட்ட முடியாத ஊர்களுக்குப் போய், காய்ச்சல் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் ஊரையே கூட்டிச் சோதித்து மருந்து கொடுத்தார்கள். காய்ச்சலில்லாத மலேரியா என்று ஒன்று இருப்பதை ஓர் அரசு ஒத்துக்கொண்ட காரியம் அது. 2016இல் வெளியிட்ட தேசியத் திட்டம் 2027க்குள் உள்ளூர்த் தொற்றே இல்லாத நிலை, 2030க்குள் ஒழிப்பு என்கிறது. இலங்கை செய்து காட்டிவிட்டது. 2012 அக்டோபரில் கடைசி உள்ளூர்த் தொற்று, 2016 செப்டம்பரில் உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ். 1963இல் வெறும் 17 பேர் என்ற நிலைக்கு வந்து, அசந்து, மறுபடி லட்சக்கணக்கில் அனுபவித்த நாடு அது. அதனால்தான் இன்றும் வெளியிலிருந்து வருகிற ஒவ்வொரு காய்ச்சலையும் எங்கிருந்து வந்தாய் என்று கேட்கிறது.

நாம் கடைசிக் கட்டத்தில் நிற்கிறோம். எண்ணிக்கை குறையக் குறைய, மிச்சமிருப்பது கண்ணாடிக்குத் தெரியாத ரத்தத்தில்தான் இருக்கும். அது மலையிலும் காட்டிலும், செங்கல் சூளையிலும், போர் வண்டிக்கு அடியிலும் இருக்கும்.

*

இந்தக் கட்டுரையை ஆசிரியர் குழுவில் படித்தபோது ஒரு தோழர் கேட்டார்: “ஏம்ப்பா, இது நம்ம பத்திரிகைக்கு எதுக்கு? மருத்துவக் கல்லூரி மலருக்குக் குடு.” இன்னொரு தோழர், கவிஞர், அதுக்கு நேரெதிராகக் குதித்தார்: “சாதியும் இப்படித்தான். அறிகுறி இல்லாம ரத்தத்துல இருக்கு. எங்க ஊருல சாதியே இல்லைம்பான். கண்ணாடியில தெரியாது. பி.சி.ஆர். வைக்கணும். இப்படி முடி தலையங்கத்தை.”

இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கவிஞருக்கு முதலில். உவமை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் அதைத் தொட மாட்டேன். சாதி ரத்தத்தில் இருக்கிறது என்பது நம்மை மிதிப்பவன் சொல்கிற வாசகம். ரத்தத்தில் கிருமி இருக்கும், நொதிக்குறை இருக்கும், இரும்புச் சத்து குறைந்திருக்கும். சாதி இருக்காது. சாதி இருக்கிற இடம் வேறு: யாருடைய விரலில் குத்துகிறார்கள், யாருக்கு முடிவு போய்ச் சேருகிறது, யாரிடம் எங்கே வேலை பார்த்தாய் என்று கேட்காமல் விடுகிறார்கள், அங்கே இருக்கிறது. அதைத் தேட எந்த இயந்திரமும் வேண்டாம்.

முதல் தோழருக்கு. மலேரியாவின் வரலாறே இன்னாருடைய ரத்தம், இன்னாருடைய பேர் என்கிற வரலாறு. 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைப் பார்த்தார். 1902இல் நோபல் வாங்கினார். அந்தக் கொசுக்களுக்குத் தன் உடம்பைக் கொடுத்த காய்ச்சல்காரர் பேர் உசேன் கான். கடித்த கொசு ஒன்றுக்கு ஓர் அணா கூலி. அதே குரங்கு மலேரியா நோலெசி இருக்கிறதே, அதை 1930களின் தொடக்கத்தில் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஆராய்ந்தவர்கள் ராபர்ட் நோல்ஸ், பி.எம். தாஸ்குப்தா இருவர். கிருமிக்கு ஒட்டிய பேர் நோல்ஸ் ஒருவருடையது. இங்கே நான் சாதிக்கணக்குப் பேசவில்லை. வேலை ஒரு பக்கம் நிற்கும், பேர் ஒரு பக்கம் போகும் என்கிற பழக்கத்தைச் சொல்கிறேன்.

அணா ஒழிந்துவிட்டது. இப்போது மலை ஊர்களில் விரல் குத்தி ரத்தம் எடுக்கிற ஆஷா பெண்ணுக்கு ஒரு சோதனைக்கு இவ்வளவு என்று திட்டத்தில் குறித்த ஊக்கத்தொகை. ஒரு நோயாளிக்கு முழு மருந்தும் கொடுத்து முடித்தால் இன்னொரு தொகை. சம்பளம் என்று சொல்ல மாட்டார்கள், ஊக்கத்தொகை. மலை ஏறி இறங்குவது கணக்கில் வராது. நம்ம ஊரில் வீட்டுக்கு வீடு தொட்டியை எட்டிப் பார்த்துக் கொசுப்புழு தேடுகிற ஆட்களும் தினக்கூலிதான். எட்டிப் பார்க்க வாசலுக்குள் விடுகிறார்களா என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். எங்க தாத்தா கதையின் அடுத்த பாகம் கிடைக்கும்.

அப்புறம் அந்த ரத்தப்பொட்டு. வடிதாளில் உலர்ந்த ஒரு சொட்டு வருசக்கணக்கில் கெடாது. அதிலிருந்து கிருமியின் மரபணுவை எடுக்கலாம். கொடுத்தவரின் மரபணுவையும் எடுக்கலாம். ஆய்வுக் கட்டுரை ஆகலாம், முனைவர் பட்டம் ஆகலாம், காப்புரிமை ஆகலாம். சொட்டுக் கொடுத்த அம்மாவுக்கு அவள் பாஷையில் “உனக்கு இருந்தது, இந்த மாத்திரையைச் சாப்பிடு” என்று ஒரு வார்த்தை திரும்பி வர வேண்டாமா? சோதனைக்கு ஒப்புதல் என்று கைநாட்டு வாங்கிக்கொண்டால் போதுமா? வங்கியில் கைநாட்டு வைக்கிறவருக்கு நாங்கள் படித்துக் காட்ட வேண்டும், சாட்சி வேண்டும். ரத்தத்துக்கு அதைவிடக் குறைவாக இருக்கலாமா?

இயந்திரத்தைக் கும்பிடவும் நான் சொல்லவில்லை. காய்ச்சலில் கிடக்கிற குழந்தைக்கு நகரத்து ஆய்வகத்தின் முடிவு வரும் வரை காத்திருக்க முடியாது. அன்றே, அந்த ஊரிலேயே, கண்ணாடியோ அட்டையோ பார்த்து மருந்து கொடுத்தாக வேண்டும். மருந்து சாப்பிட்டு முடித்த பிறகும் செத்த கிருமியின் மரபணுவைக் காட்டி பி.சி.ஆர். நம்மைக் குழப்பும். ஈரலில் தூங்குகிற வைவாக்ஸை அதுவும் காணாது. அதன் வேலை வேறு. ஊர் முழுக்க எவ்வளவு மறைந்திருக்கிறது, எந்த இனம், அட்டை எங்கே ஏமாறுகிறது, மருந்து எங்கே தோற்கிறது என்று காட்டுகிற வேலை. அந்த வேலைக்கு அது வேண்டும்.

வசதி இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். மலேரியாவுக்கான பி.சி.ஆர். 1993இலிருந்து இருக்கிறது. 2020இல் கொரோனா வந்தபோது, சில மாதங்களில் மாவட்டம் மாவட்டமாகப் பி.சி.ஆர். ஆய்வகம் முளைத்ததை நாம் பார்த்தோம். கொரோனா அக்கிரகாரத்துக்கும் வந்தது, அடுக்குமாடிக்கும் வந்தது. அதனால் முளைத்தது. மலேரியா வருகிற இடத்துக்கு மட்டும் முப்பது வருசமாக வழி தெரியவில்லை.

*

நாம் என்ன கேட்கலாம்?

காய்ச்சலோடு வருகிற தொழிலாளியிடம் எங்கே வேலை பார்த்தாய், எங்கே தூங்கினாய் என்று கேட்பதைச் சீட்டின் முதல் வரியாக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரியிலும் தனியாரிலும். சூளையிலும் கட்டுமான இடத்திலும் இருக்கிற ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் சனங்களுக்கு அடையாள அட்டை கேட்காமல் சோதனையும் முழு மருந்தும் கிடைக்க வேண்டும். அவர்கள் நோயைக் கொண்டு வந்தவர்கள் என்று விரட்டுகிற பேச்சை நாம் அனுமதிக்கக் கூடாது. நம்ம தம்பிகள் அங்கே போய் வாங்கி வருகிறார்கள், அவர்கள் பிள்ளைகள் இங்கே வந்து படுக்கிறார்கள். இரண்டு பக்கமும் கொசுவலை கொடுக்காத முதலாளி இருக்கிறார். கொரோனாவுக்கு முளைத்த ஆய்வகங்களுக்கு வடிதாள் ரத்தம் போக வேண்டும். முடிவு, கொடுத்தவரின் கைக்கு, அவர் மொழியில் திரும்ப வேண்டும். விரல் குத்துகிறவருக்கும் தொட்டி பார்க்கிறவருக்கும் சம்பளம் என்ற பேரிலேயே சம்பளம் வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும்போது போர் வண்டிக்குப் போய்த் திரும்பிய ஆட்களைப் பாருங்கள். ஊசி எடுத்துக்கொண்டு போக வேண்டாம், கேள்வி எடுத்துக்கொண்டு போங்கள். எந்த மாநிலம், எத்தனை தடவை காய்ச்சல், எத்தனை நாள் மாத்திரை, யார் கொடுத்தார், சீட்டில் என்ன எழுதினார்கள். பேர் வேண்டாம். எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் பத்துப் பக்கம் ஒதுக்குகிறேன். கவிதைகள் ஓர் இதழ் காத்திருக்கட்டும், என்னுடையதும் சேர்த்து.

தம்பி 14 நாள் மாத்திரையைப் போட்டு முடித்துவிட்டான். காலண்டரில் ஒவ்வொரு நாளாகக் கோடு போட்டது எங்க அம்மா. பங்குனியில் வண்டிக்காரர் போன் பண்ணினார். ஆள் பத்தவில்லை, உடனே வா என்றார். முன்பணம் வாங்கியிருக்கிறான், போகாமல் இருக்க முடியாது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிடும்போது, மருந்தடித்த கொசுவலை ஒன்றும், அந்த டாக்டரம்மா எழுதிய சீட்டின் நகலும் பையில் வைத்தேன்.

“வலை ஒண்ணுதானேண்ணே இருக்கு. வண்டியில ஏழு பேரு,” என்றான்.

அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. பஸ் கிளம்பிவிட்டது. ஆறு வலை வாங்கி அனுப்பப் போகிறேன். ஆனால் ஆறு வலை வாங்கி அனுப்புவது ஒரு குமாஸ்தாவின் பதில். இயக்கத்தின் பதில் என்ன என்று இந்த இதழைப் படிக்கிற நீங்கள்தான் எழுத வேண்டும்.

தோழமையுடன்,
ஆசிரியர் குழுவுக்காக
கே.கே. நகர், திருச்சி – 21